ஆறு தெரியும் வீடு வாங்கலாமா?

கேள்வி: ஆற்றங்கரையில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த ஆலையை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள். "கட்டடம் ஆற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளித்தான் வருகிறது, எல்லாம் விதிப்படிதான்" என்கிறார் விற்பவர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: அதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள். அந்த 30 மீட்டரை எங்கிருந்து அளந்தார்கள்?

கோடையில் ஆறு சுருங்கி நடுவில் ஓடும். அந்தத் தண்ணீர் ஓரத்திலிருந்து டேப்பைப் பிடித்தால் 30 மீட்டர் சுலபமாக வந்துவிடும். கரையின் மேல் விளிம்பிலிருந்து அளந்தால் அதே கட்டடம் 12 மீட்டரில்கூட நிற்கலாம். சட்டத்தில் எண்ணை மாற்றாமல் தொடக்கப் புள்ளியை மட்டும் மாற்றினாலே ஆற்றின் பங்கு குறைந்துவிடும். பிரேசிலில் அப்படித்தான் நடந்தது. 10 மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள ஆறுகளுக்கு இரு கரையிலும் 30 மீட்டர் விட வேண்டும் என்பது அங்கே முன்பும் விதி, இப்போதும் விதி. முன்பு நீர் ஏறும் உச்ச மட்டத்திலிருந்து அளந்தார்கள். 2012ல் வந்த வனச் சட்டம் வழக்கமான நீரோட்டப் படுகையின் விளிம்பிலிருந்து அளக்கச் சொல்லிவிட்டது. அதனால் விற்பவர் வாயால் சொல்லும் தூரத்தை நம்பாதீர்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் அளவு தொடங்கும் கோடு எது, அதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கோடே இல்லாமல் ஆற்றை நீலப் பட்டையாக மட்டும் தீட்டியிருந்தால் அது விளம்பரப் படம். அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க வேண்டாம்.

அப்புறம், இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். மாதிரி வீட்டுக்குள் அல்ல, கரைக்குப் போங்கள். மரக்கிளைகளில் கிழிந்த பிளாஸ்டிக்கும் காய்ந்த சருகும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன? உங்கள் தலைக்கு மேலே தொங்கினால், தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். இடிக்காமல் விட்ட பழைய சுவர் இருந்தால் அதில் வண்டல் கறை கிடைமட்டமாக ஓடும். அதை விரலால் தேய்த்துப் பாருங்கள், பொடிப்பொடியாக உதிரும். ஆறு அந்த இடத்தில் வளைகிறதா என்பதையும் கவனியுங்கள். வளைவின் வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும், உட்பக்கத்தில் மணல் சேரும். வெளிப்பக்கத்தில் இன்று அளந்த தூரம் பத்து வருடத்தில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

"நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்குக்கூட பயமில்லை" என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரே ஆளை ஏமாற்றும். எந்த வருடமும் வருவதற்கு 100ல் 1 வாய்ப்புள்ள வெள்ளம் என்பதுதான் அதன் பொருள். போன வருடம் வந்தது என்பதற்காக அடுத்த வருடம் வராமல் இருக்காது. 30 வருடக் கடனில் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று. பார்க்கிங்கை பேஸ்மென்ட்டில் வைத்து, மின்சாரப் பெட்டிகளையும் அங்கேயே வைத்திருந்தால் ஐந்தாம் மாடியில் இருந்தாலும் நீங்கள் தப்ப முடியாது. தரையை மண் கொட்டி உயர்த்தியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஆறு பரவி நிற்கும் இடத்தை அடைத்தால் அந்தத் தண்ணீர் எதிர்க்கரைக்காரர் வீட்டுக்குப் போகும். பொறுப்பாகக் கட்டுபவர் அடைத்த அளவுக்கு வேறு இடத்தில் தோண்டிக் கொடுத்திருப்பார்.

அனுமதி "விதிவிலக்கு" வழியாக வந்திருந்தால் அந்த உத்தரவின் நகலை வாங்கி நிபந்தனைகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஆலை இருந்த நிலத்தில் கழிவு தங்கியிருக்கலாம் என்பதால் மண் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். என் கருத்தைக் கேட்டால், கரையை ஒட்டிய வரிசையை விட்டுவிட்டு இரண்டாவது வரிசையில் வாங்குங்கள். ஆற்றுக்கு விட்ட பட்டையை நீங்கள் இழந்த இடமாக நினைக்காதீர்கள். வெள்ளத்தை அதுதான் முதலில் வாங்கிக்கொள்கிறது. நெதர்லாந்தில் நைமேகன் நகரத்துக்கு எதிரே வால் (Waal) என்ற ஆற்றின் வெள்ளத் தடுப்புக் கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டி ஆற்றுக்கு இடம் கொடுத்தார்கள். அதற்காக வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. அங்கே குடியிருந்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. முதலிலேயே அந்த இடத்தை விட்டிருந்தால் யாருடைய வீடும் போயிருக்காது.

கேள்வி: கரையோரத்தில் ஒரு பழைய வீடு மலிவாக வருகிறது. வாங்கிப் பெரிதாக்கலாம் என்று யோசிக்கிறோம். விதி வருவதற்கு முன்பே கட்டிய வீடு, அதனால் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

பதில்: இருக்கிற வீட்டில் குடியிருக்கலாம், சரி. பெரிதாக்கும்போதுதான் சிக்கல். பல ஊர்களில் பழைய கட்டடத்துக்குச் சலுகை அது இருக்கிற அளவுக்கு மட்டும்தான். அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்ட விதியில், வெள்ள அபாயப் பகுதியில் உள்ள கட்டடத்தைப் புதுப்பிக்கும் செலவு அதன் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால் முழுக் கட்டடமும் இன்றைய விதிக்கு வந்தாக வேண்டும். வெள்ளத்தில் சேதமானதைச் சரிசெய்யும் செலவுக்கும் அதே கணக்குதான். உங்கள் பகுதியில் அந்த வரம்பு எவ்வளவு என்று திட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதில் கைக்கு வந்த பிறகு விலை பேசுங்கள்.

கேள்வி: பத்திரத்தில் தண்ணீர் வரை எங்கள் நிலம். வேலி போடலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் கரைப்பட்டையில் வழி உரிமை மற்றவர்களுக்கு இருக்கலாம். பிரான்சில் அரசுக்குச் சொந்தமான ஆறுகளின் ஓரம் 3.25 மீட்டருக்கு உரிமையாளர் வேலியும் போடக்கூடாது, மரமும் நடக்கூடாது. இங்கிலாந்தில் பெரிய ஆறுகளின் கரையிலிருந்து 8 மீட்டருக்குள், கடல் ஏற்றம் வரும் ஆறு என்றால் 16 மீட்டருக்குள், எதைக் கட்டுவதானாலும் பொதுவாகத் தனி அனுமதி வேண்டும். கரை உடைந்தால் இயந்திரம் உள்ளே வர இடம் வேண்டும் அல்லவா? பத்திரத்தில் அப்படி ஏதாவது வழி உரிமை குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலியை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.