பதில்: தோட்டத்து மரம் தொட்டு கை கொப்புளிச்சிருக்கு, வெட்டி எரிச்சிடலாமா?

எரிக்க மட்டும் எரிச்சிடாதீங்க ப்ரோ, அந்தப் புகை கண்ணுலயும் நுரையீரல்லயும் பட்டா கைல வந்தத விட மோசமாயிடும். அமெரிக்காவோட ஃப்ளோரிடா கீஸ் தீவுகள்ல பிக் பைன் கீல வீடு, பளபளன்னு இலை, அதுல தார் தெறிச்ச மாதிரி கறுப்புத் திட்டு, கிளைய ஒடிச்ச மறுநாள் கொப்புளம்னு நீங்க சொல்றத பாத்தா அது பாய்சன்வுட் தான். நம்ம ஊரு சேராங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் இதோட ஒரே குடும்பம், பால் பட்டா தோல் வெந்துபோற அதே சமாச்சாரம். போட்ருந்த துணி, கத்தி எல்லாத்தையும் கிளவுஸ் போட்டு சோப்புல கழுவுங்க, முகத்துக்கோ கண்ணுக்கோ பரவுனா டாக்டர்ட்ட ஓடுங்க. மழைல அதுக்கு அடியில நிக்கவே கூடாது, இலைல வடியற தண்ணி பட்டாலும் அரிக்கும்.

ஆனா அது ஃப்ளோரிடா கீஸோட சொந்த மரம், தலை மட்டும் வெள்ளையா ஒரு புறா வரும் பாருங்க, அதுக்கு இந்த மரத்தோட ஆரஞ்சு கலர் பழம்னா உயிரு. அதனால பாதையோரமா இருந்தா மட்டும் வெட்டுங்க, அதுவும் கவுண்டி ஆபீஸ்ல (நம்ம ஊரு மாவட்ட நிர்வாகம் மாதிரி) பர்மிட் கேட்டுட்டு, தெரிஞ்ச ஆள வெச்சு. மூலையில இருந்தா விட்ருங்களேன். பக்கத்துல செவப்பா பட்டை உரியற மரம் கம்போ லிம்போவா இருந்தா பயப்படாதீங்க, அது ஒண்ணும் பண்ணாது.