பல் கிளிப்: கேள்வி – பதில்

என் மகளுக்கு 13 வயது. கிளிப் போட நாலு பல்லைப் பிடுங்க வேண்டுமாம். சொத்தையே இல்லாத பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்?
– வாசகி, தண்டையார்பேட்டை

தாடையில் இடம் குறைவு, பற்களின் மொத்த அகலம் அதிகம். அதனால்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பற்றாக்குறை ஓரிரு மில்லிமீட்டர்தான் என்றால், பல்லின் பக்கவாட்டை லேசாகத் தேய்த்தே இடம் எடுத்துவிடலாம். ஏழெட்டைத் தாண்டினாலோ, முன்பல் நன்றாகத் துருத்திக்கொண்டிருந்தாலோ பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்குவது பெரும்பாலும் கோரைப்பல்லுக்கு அடுத்த சிறு கடைவாய்ப்பல்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 7 மி.மீ. அகலம். பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் நகரும் என்பதால், பொக்கை தெரியும் மாதங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடியும்போது மூடிவிடும்.

ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல், பல் அளவு எடுக்காமல், வாயைத் திறந்து பார்த்ததுமே "நாலு பல் எடுக்கணும்" என்றால் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள். இன்னொரு ஆர்த்தோடான்டிஸ்ட்டிடம் (பல் சீரமைப்பு நிபுணர்) காட்டுங்கள். சென்னைக் கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் பிராக்கெட் அடிக்கடி கழன்று விடுகிறது. பசை மட்டமா?
– மாணவர், ராயபுரம்

எப்போது கழன்றது என்று பாருங்கள். ஒட்டும்முன் ஆசிட் ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவி, பல் வெளுத்துத் தெரியும்வரை உலர்த்துவார்கள். அந்த நேரத்தில் எச்சில் பட்டால் பசை பிடிக்காது. அப்படி ஒட்டியது ஓரிரு நாளிலேயே கழன்றுவிடும். மாதக்கணக்கில் நின்றுவிட்டுக் கழன்றால் சாப்பாட்டைச் சந்தேகப்படுங்கள். முறுக்கு, கரும்பு, கமர்கட்டு, கொய்யாவை அப்படியே கடிப்பது, நல்லி எலும்பு எல்லாம் ஆகாது. பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோவில் (பர்மா உணவு) நூடுல்ஸ் பரவாயில்லை. மேலே நொறுக்கிப் போடும் மொறுமொறு பேஜோவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கீழ் முன்பல் பிராக்கெட் மட்டுமே திரும்பத் திரும்பக் கழன்றால் காரணம் வேறு. வாய் மூடும்போது மேல்பல் அதன்மேல் இடிக்கிறது. கடைவாய்ப்பல்லில் சிறு பசை மேடு வைத்து, கடியை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள்.

கழன்ற பிராக்கெட் கம்பியிலேயே தொங்கும், பிடித்து இழுக்காதீர்கள். குத்தினால், ஈரம் துடைத்துவிட்டு ஆர்த்தோ மெழுகை உருட்டி அப்புங்கள். அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். பிடிப்பில்லாத பல் தன் போக்கில் திரும்பிவிடும். ஃபெவிகுவிக் வைத்து ஒட்டும் ஆட்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

கிளிப் எடுத்து ஒரு வருடம். கீழ்ப்பல் மறுபடி கோணுகிறதே?
– வாசகர், திருவொற்றியூர்

கிளிப் எடுத்தபின் பல் நகராமல் இருக்க மாட்டும் ரீடெய்னரைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஈறிலுள்ள நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். பழைய ரீடெய்னர் இறுக்கமாகவாவது உட்கார்ந்தால், இன்றிரவே மாட்டத் தொடங்குங்கள். உட்காரவே மறுத்தால் அழுத்தித் திணிக்காமல் புது அளவு கொடுங்கள். புதியதை வெந்நீரில் கழுவிவிடாதீர்கள், பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.