வால் அறுபடாத டார்பிடோ
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். பெயரில் ‘நவீன’ இருக்கிறது. கூட்டமோ வான்கோவின் ‘விண்மீன் இரவு’ முன்னால் நிற்கிறது. அது 1889இல் வரைந்த படம்! இதில் நவீனம் எங்கே? – திருச்சி வாசகர்

பதில்: அந்த அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஆல்ஃபிரட் பார் இருந்திருந்தால் உங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்திருப்பார். அவருக்கும் இதே கவலைதான். 1929 நவம்பரில், வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தை சரிந்த பத்து நாளுக்குள், வாடகை அறைகளில் தொடங்கிய இடம் அது. பாருக்கு அப்போது 27 வயது. 1933இல் அவர் ஒரு படம் போட்டு விளக்கினார்: தொகுப்பு என்பது காலத்துக்குள் பாயும் டார்பிடோ (கடலுக்கடியில் பாயும் நீளமான குண்டு). அதன் மூக்கு நிகழ்காலம். வால் ஐம்பது முதல் நூறு ஆண்டுக்கு முந்தைய காலம். மூக்கு முன்னேற முன்னேற, வாலில் இருப்பவை உதிர்ந்துவிட வேண்டும்.

உதிர்ந்தவை எங்கே போகும்? அதே ஊரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு. 1947இல் அதற்கு ஒப்பந்தமே போட்டார்கள். பழுத்துச் செவ்வியலாகிவிட்ட படங்களை இவர்கள் அங்கே விற்பார்கள். வந்த பணத்தில் புதியவர்களின் படங்களை வாங்குவார்கள். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: எந்தப் படம் பேர் வாங்குகிறதோ அதைத்தானே கைவிட வேண்டிவரும்? ஜனம் வருவதே அதைப் பார்க்கத்தான். தான் கொடுக்கும் படம் நாளை வேறு இடத்துக்குப் போய்விடும் என்று தெரிந்தால் எந்தச் செல்வந்தர் கொடுப்பார்? 1953இல் அந்த வழியைக் கைவிட்டார்கள். தலைசிறந்த படைப்புகளை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். வால் அறுபடவே இல்லை. டார்பிடோ நீண்டுகொண்டே போகிறது. இன்று ஏறத்தாழ இரண்டு லட்சம் படைப்புகள்.

கேள்வி: பொதுமக்களுக்கான இடம் தன்னிடம் இருப்பதை விற்பது துரோகம் இல்லையா? – மதுரை வாசகி

பதில்: அந்தத் துரோகம் நடந்திராவிட்டால் திருச்சிக்காரர் பார்த்த ‘விண்மீன் இரவு’ அங்கே வந்தே இருக்காது, அம்மா. அருங்காட்சியகத்தை நிறுவிய மூன்று பெண்களில் ஒருவர் லில்லி பிளிஸ். 1931இல் காலமானபோது தம் சேகரிப்பை உயிலில் எழுதிவைத்தார். அதில் பெரும்பாலானவற்றை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் இடம் கொடுத்திருந்தார். அவர் விட்டுச்சென்ற தெகாவின் பந்தயக்குதிரை ஓவியம் போய், 1939இல் பிக்காசோவின் ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ வந்தது. 1941இல் செசான், துலூஸ் லோத்ரெக் படங்களைக் கொடுத்து வான்கோவை வாங்கினார்கள். குதிரைகளை இழந்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடமாட்டேன். அந்தப் பிக்காசோ இல்லாமல் இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தைப் பற்றி வாயைத் திறக்க முடியாது.

படத்தை விற்றுப் படம் வாங்கினால் சரி. கூரை ஒழுகுகிறது, சம்பளம் பாக்கி என்று படத்தை விற்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: நேற்று வரைந்த படம் நாளை நிலைக்கும் என்று எப்படித் தெரிந்து வாங்குகிறார்கள்? – நாகர்கோவில் வாசகர்

பதில்: தெரியாமல்தான் வாங்குகிறார்கள். பத்தில் ஒன்று தேறினாலே லாபம் என்பது பாரின் கணக்கு. இதில் ரசனையோடு பயமும் கலந்திருக்கும். 1958இல் ஜாஸ்பர் ஜான்ஸ் என்ற இளைஞரின் முதல் தனிக் கண்காட்சிக்குப் போன பார், அங்கேயே சிலவற்றைத் தேர்ந்தெடுத்தார். ‘கொடி’ மட்டும் தொண்டையில் சிக்கியது. செய்தித்தாள் துண்டுகளின் மேல் மெழுகு கலந்த வண்ணத்தைப் பூசி வரைந்த அமெரிக்கக் கொடி அது. கிட்டே போனால் வண்ணத்துக்கு அடியில் அச்செழுத்துகள் மங்கலாகத் தெரியும். தேசபக்தர்கள் கொதித்தெழுந்தால் என்ன செய்வது? கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சனை வாங்கிவைக்கச் சொன்னார் பார். 1973இல் ஜான்சன் அதைப் பாரின் பெயரால் அருங்காட்சியகத்துக்கே பரிசளித்தார். பதினைந்து ஆண்டு ஒரு நண்பரின் பொறுப்பில் இருந்துவிட்டு உள்ளே வந்த படம் இன்று அங்குள்ள முக்கியமான படங்களில் ஒன்று.

கேள்வி: வீடியோ கேமையும் சேர்த்திருக்கிறார்களாமே, அதுவும் கலையா? – சேலம் வாசகர்

பதில்: 2012இல் ‘பேக்மேன்’, ‘டெட்ரிஸ்’ உட்பட 14 சேர்த்தார்கள், வடிவமைப்புப் பிரிவில். அங்கே நாற்காலியும் இருக்கிறது. உங்கள் பேரனிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வான்.

கேள்வி: பல ஆண்டு கழித்து மறுபடியும் போனேன். படங்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. தெரிந்த பெயர்களுக்கு நடுவே தெரியாதவர்கள். ஏன் இந்தக் குழப்பம்? – கோவை வாசகி

பதில்: 2019 அக்டோபரில் கட்டடத்தை விரித்துத் திறந்தபோது செய்த வேலை அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு அரங்குகளை மாற்றுவது என்று திட்டமிட்டார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். எதை வாங்கினார்கள் என்பதைவிட, வாங்கியதை எங்கே மாட்டினார்கள் என்பதில்தான் ஓர் அருங்காட்சியகத்தின் மனசு தெரியும்.

விஃப்ரெடோ லாம் என்ற ஓவியர் கியூபாக்காரர். அப்பா சீனர், அம்மா ஆப்பிரிக்க வம்சாவளி. 1943இல் ‘கானகம்’ வரைந்தார். கிட்டத்தட்ட எட்டடி உயரம், கேன்வாஸில் ஒட்டிய காகிதம். கரும்புத் தட்டைகளா கால்களா என்று பிரித்தறிய முடியாத நெருக்கம்; முகமூடி போன்ற பிறைமுகங்கள்; தரையில் அகன்று பதிந்த பாதங்கள்; வலது மேல்மூலையில் ஒரு கை கத்தரிக்கோலை நீட்டுகிறது. 1945இலேயே வாங்கிவிட்டார்கள். பிறகு? எண்பதுகளில்கூட அது தொங்கியது கோட்டு வைக்கும் அறைக்குப் போகும் வழியில். நம் ஊர்க் கோயிலில் செருப்பு விடும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக்காசோவும் மத்தீசும் கர்ப்பகிரகத்தில் இருந்தார்கள். அந்தப் படத்தை வரைந்தவருக்கு 2025 இறுதியில் அங்கேயே பெரிய கண்காட்சி வைத்தார்கள். படத்தில் ஒரு கோடு மாறவில்லை.

கறுப்பின அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டின் ‘சாவு’ இன்னொன்று. கோட்டு சூட்டும் கவுனுமாய்க் கறுப்பரும் வெள்ளையரும் ரத்தம் தெறிக்க அடித்துக்கொள்ள, நடுவே இரண்டு குழந்தைகள் கட்டிக்கொண்டிருக்கும் பன்னிரண்டடிப் படம், 1967இல் வரைந்தது. அப்போது இதே அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருந்த, போரின் கொடுமையைச் சொல்லும் பிக்காசோவின் ‘குவெர்னிக்கா’வைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர் அவர். கறுப்பினக் கலைஞர்களுக்கு இடம் கேட்டு அங்கே போராடியவரும்கூட. படத்தை வாங்கியது 2016இல். 2019இல் ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ இருந்த அறையிலேயே மாட்டினார்கள். பிக்காசோ பக்தர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

கேள்வி: அடுத்த ஆண்டு போகிறோம். ‘விண்மீன் இரவு’ நிச்சயம் இருக்குமா? – புதுச்சேரி வாசகர்

பதில்: அதுவும் சில நேரம் வெளியூர், வெளியிடம் போகும். 2023இல் மெட்ரோபாலிட்டனுக்கு இரவலாகப் போய் வந்தது. எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று அவர்களின் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். லாமின் படத்தையும் தேடிப் பாருங்கள்.