கை தூக்கினால் எல்லாம் செல்லுமா? ஒரு வழக்கறிஞரிடம் கேட்டவை

பெரும்பான்மை முடிவுக்கும் தனிமனித உரிமைக்கும் இடையே வரும் சண்டைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சொந்த வழக்கு இருப்பவர்கள் இதை மட்டும் நம்பி நீதிமன்றம் ஏற வேண்டாம்.

அக்கா, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 48 வீடு. அசோசியேஷன் கூட்டத்தில் 41 பேர் கை தூக்கி, யாரும் நாய் வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். செல்லுமா?

செல்லாது. பெரும்பாலானவர்கள் கேட்டாலும் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதற்காக நீங்களும் துள்ள வேண்டாம். படிக்கட்டு எல்லோருக்கும் பொது; அங்கே நாய் அசிங்கம் செய்தால் அள்ள வேண்டியது நீங்கள்தான். உங்கள் வீட்டு ஹால் பொது இல்லை. எது பொது, எது உங்களுடையது என்ற கோட்டை எங்கே போடுவது? இன்றைக்கு வந்த கேள்விகள் எல்லாமே அந்தக் கோட்டைப் பற்றியவைதான்.

மேடம், கோடிக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசை, யாருமே தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் தடுப்பது என்ன ஜனநாயகம்?

தன் கட்சி எதிர்க்கட்சியாக இருக்கும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1973 ஏப்ரல் 24, கேசவானந்த பாரதி வழக்கு, 13 நீதிபதிகள். நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது ஜனநாயகம் போன்ற ஆணிவேர்களை, குலைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. 7க்கு 6! பெரும்பான்மைக்குப் போட்ட கடிவாளமே ஒரே ஒருவர் வித்தியாசத்தில்தான் தப்பியது.

அதன் பயன் இரண்டே வருடத்தில் தெரிந்தது. 1975 ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். அந்த மாதமே நெருக்கடி நிலை வந்தது. ஆகஸ்டில் 39வது திருத்தம்: பிரதமர் தேர்ந்தெடுக்கப்பட்டதை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருக்க, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அது நிறைவேறியது. எண்ணிக்கைக் கணக்குப்படி பார்த்தால் குறையே இல்லை. அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம், அடிப்படைக் கட்டமைப்பைக் காட்டித்தான் அந்தப் பிரிவை ரத்து செய்தது. வேடிக்கை என்னவென்றால், அதே தீர்ப்பில் இந்திராவின் வெற்றி செல்லும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் நீதிமன்றம் எப்போதும் நம்மைக் காப்பாற்றும் என்கிறீர்களா?

அப்படிச் சொன்னால் என் சக வழக்கறிஞர்களே சிரிப்பார்கள். 1976 ஏப்ரலில் அதே உச்ச நீதிமன்றம்தான், நெருக்கடி நிலையில் காரணமில்லாமல் சிறை வைக்கப்பட்டவர்கூட நீதிமன்றத்துக்கு வர முடியாது என்றது. 4க்கு 1. எதிர்த்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். மறுவருடம் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். நெருக்கடி நிலையை நடத்திய அரசை வீட்டுக்கு அனுப்பியது யார்? 1977இல் வாக்குச்சாவடியில் வரிசையில் நின்ற மக்கள். அப்புறம் வந்த நாடாளுமன்றம்தான் 1978இல் 44வது திருத்தம் கொண்டுவந்து, உயிர் வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாதபடி செய்தது.

நம் ஊர்க் கதை இன்னும் சிக்கல். அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு 14 இடத்துக்கும் பிராமணர்களுக்கு 2. செண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண் போட்ட வழக்கில், தனிமனிதரின் சமத்துவ உரிமைக்கு இது விரோதம் என்று 1951இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பெரியார் போராட்டம் நடத்தினார், ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது, இடஒதுக்கீடு பிழைத்தது. இங்கே 'தனிமனித உரிமை' பக்கம் நின்றது நீதிமன்றம். என் மனம் நிற்பது திருத்தத்தின் பக்கம். ஊரில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் கல்லூரி வகுப்பறையில் சிறுபான்மையாக இருந்தார்களே! தலையை மட்டும் எண்ணினால் இது பிடிபடாது. யார் கையில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

நான் ஆசிரியர். தேசிய கீதம் பாட மறுக்கும் மாணவனைப் பள்ளியை விட்டு அனுப்பலாமா?

கூடாது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளை 1985இல் அப்படி அனுப்பினார்கள். அவர்கள் கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் மட்டும் திறக்கவில்லை. எழுந்து நின்றாலே மரியாதைதான், பாடச் சொல்லி வற்புறுத்த எந்தச் சட்டமும் இல்லை என்று 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார்.

எங்கோ நாலு பேருக்காக, ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை மாற்றியிருக்க வேண்டுமா?

2013இல் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட உங்களைப் போலத்தான் பேசியது, மிகச் சிறிய பகுதியினர்தானே என்று. 2017 அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் 9 நீதிபதிகள் அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2018இல் 5 நீதிபதிகளும் ஒரே குரலில், மனம் ஒப்பிய வயது வந்தவர்களின் உறவு குற்றமில்லை என்றார்கள். நாலு பேர் என்பதால்தான் ஐயா உரிமை வேண்டும். நாப்பது கோடிப் பேருக்கு ஓட்டே போதும்.

அக்கா, நான் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டேன். ஊர் கூடி எங்கள் வீட்டோடு யாரும் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். 'ஊரே சேர்ந்து எடுத்த முடிவு' என்கிறார்கள்.

ஊரே சேர்ந்தாலும் அது சட்டமாகாது, தம்பி. கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், தமிழ்நாட்டுப் பேரைச் சொல்லியே உச்ச நீதிமன்றம் எழுதியிருக்கிறது. வயது வந்த இருவரின் திருமணத்தில் எந்தக் கூட்டமும் தலையிடக் கூடாது என்று 2018 சக்தி வாஹினி தீர்ப்பும் இருக்கிறது. மாவட்டத்தில் தனிப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வைக்கச் சொன்னது அந்தத் தீர்ப்புதான். முதலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மிரட்டல் இருந்தால் இன்று இரவே அந்த ஊரில் தங்காதீர்கள்.

கடைக்காரர் உங்களுக்குப் பால் தராமல் இருப்பதைத் தீர்ப்பு நாளைக்கே மாற்றிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். மகாராஷ்டிரம் 2016இல் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே போட்டது. இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் வாதம்.

(நாய்க்காரர் மறுபடியும்) அக்கா, இப்போது அந்த 41 பேரும் என்னோடு பேசுவதில்லை. இதற்கும் சட்டம் இருக்கிறதா?

நாய்ச் சண்டையில் அண்டை வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குச் சட்டம் கிடையாது. தடுப்பூசிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.