காய்ச்சல் இல்லை என்று கன்றைச் சும்மா விட்டுவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு கன்று ஈன்று மூன்று நாள் ஆகிறது. நேற்று முதல் கன்று மஞ்சளும் வெள்ளையுமாகத் தண்ணீராய்க் கழிகிறது. காய்ச்சல் இல்லை, உடம்பு சில்லென்று இருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறோம். போன ஈற்றுக் கன்றும் இப்படித்தான் போனது. நஞ்சுக்கொடி மறுநாள் காலையில்தான் விழுந்ததால் சீம்பாலும் அதன்பிறகே கொடுத்தோம். என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு போன் செய்யுங்கள், அல்லது கன்றைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். மீதியை அதற்குப் பிறகு படிக்கலாம்.

உடம்பு சில்லிட்டிருப்பதுதான் எனக்குக் கவலை. பெரிய மாட்டுக்குக் கிருமி விஷம் ஏறினால் காய்ச்சல் அடிக்கும். பிறந்த கன்றுக்கு உடம்பில் கொழுப்புச் சேமிப்பு மிகக் குறைவு. சூடு உண்டாக்கும் தெம்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் விஷம் முற்றும்போது சூடு ஏறாமல் இறங்கவே செய்யும். கன்றின் இயல்பான வெப்பம் சுமார் 101.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 100-க்குக் கீழே போனால் அவசரம் என்று கொள்ளுங்கள்.

முதல் மூன்று நான்கு நாளில் இப்படித் தண்ணீராய்க் கழிந்தால் பெரும்பாலும் ஈ.கோலை கிருமி மேல்தான் சந்தேகம் வரும். அந்த வயதுக் கன்றின் குடல் சுவரில்தான் இந்தக் கிருமி நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் அது விடும் நச்சு, குழாயைத் திறந்துவிட்டதுபோல உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் குடலுக்குள் இறக்கிவிடுகிறது. ஆனால் குடல் சுவர் பெரிதாகப் புண்ணாவதில்லை. சர்க்கரையோடு சேர்த்துக் கொடுத்தால் உப்பை உறிஞ்சிக்கொள்ளும் வழி அப்போதும் திறந்தே இருக்கிறது. உப்பு–சர்க்கரைக் கரைசல் கன்றைக் காப்பாற்றுவது இதனால்தான்.

கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள்; உடனே படியாமல் மடிப்பாகவே நின்றால் நீர் வற்றியிருக்கிறது. கண் குழியில் இறங்கியிருக்கிறதா பாருங்கள். விரலை வாயில் வையுங்கள். சப்பினால், கன்றுக்கான எலக்ட்ரோலைட் பவுடரையோ, அது கிடைக்காவிட்டால் நமக்கு விற்கும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டையோ, அட்டையில் சொன்ன அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் வரை பல வேளையாகக் கொடுங்கள். வாய் சில்லென்று இருந்து, சப்பவும் இல்லையென்றால் வாயில் ஊற்றவே வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். அந்தக் கன்றுக்கு டாக்டர் டிரிப் ஏற்றினால்தான் உண்டு. அவர் வரும்வரை துடைத்து, காய்ந்த வைக்கோலில் கிடத்தி, சாக்குப் போட்டு மூடி வையுங்கள்.

சப்புகிற கன்றுக்குப் பாலை நிறுத்தாதீர்கள். பட்டினி போட்டால் இருக்கிற கொஞ்சம் தெம்பும் போய்விடும். கரைசலைப் பாலில் கலக்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுக் கொடுங்கள். மனிதர்களுக்கான கழிச்சல் நிறுத்தும் மாத்திரை கூடவே கூடாது. கிருமியும் நச்சும் குடலிலேயே தங்கிவிடும். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

இனி சீம்பால் விஷயம். மாட்டில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு வருவதில்லை, சீம்பால் வழியாகத்தான் வரவேண்டும். அதைக் குடலிலிருந்து ரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் திறன் பிறந்த மணியிலிருந்தே குறைந்துகொண்டு வந்து, சுமார் 24 மணி நேரத்தில் முடிந்துவிடும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருந்ததில் உங்கள் கன்றுக்கு அந்த நேரம் கைவிட்டுப் போயிற்று. ஊரில் பெரியவர்கள் சொல்வதுதான், ஆனால் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கன்று சப்பும்போது கர்ப்பப்பை சுருங்கி, நஞ்சுக்கொடி விழவும் அது உதவும்.

அடுத்த ஈற்றில் 25 கிலோ கன்று என்றால் இரண்டரை லிட்டர் சீம்பால். பாதியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள், மீதியை 12 மணி நேரத்துக்குள் குடிக்க வையுங்கள். காய்ச்சி அக்கம்பக்கம் கொடுப்பதெல்லாம் கன்று குடித்த பிறகு. இப்போது மடியில் சீம்பால் மிச்சமிருந்தால் அதையும் இந்தக் கன்றுக்கே காய்ச்சாமல் கொடுங்கள். ரத்தத்தில் ஏறாது, ஆனாலும் குடலுக்குள் கிருமி ஒட்டுவதைக் கொஞ்சம் தடுக்கும்.