திருட்டு அலாரத்தோடு தீ அலாரத்தையும் சேர்க்கலாமா? சமுதாயக் கூடங்களுக்கான கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் சமுதாயக் கூடம், குடியிருப்போர் சங்கக் கட்டிடம் பார்த்துக்கொள்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. அலாரம் மாட்டுவதுதான் என் தொழில். கட்டிடம் எப்படி இருக்கிறது என்றே சொல்லாமல் "எவ்வளவு ஆகும் சார்" என்று மட்டும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மஞ்சக்குப்பம்: எங்கள் சங்கக் கட்டிடத்தில் எட்டு ஜோன் திருட்டு அலாரம் இருக்கிறது, மூன்று ஜோன் காலி. அதில் ஸ்மோக் டிடெக்டரை இணைத்தால் போதுமா சார்?

இணைக்கலாம். ஜோன் என்பது பேனலில், அதாவது அலாரத்தின் மூளையான பெட்டியில், சென்சார் ஒயர் வந்து சேரும் ஒரு இடம். ஆனால் அந்த ஜோனை எப்படி புரோகிராம் செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திருட்டு அலாரம் ஆள் இல்லாத நேரத்துக்கு. தீ அலாரம் உள்ளே ஆட்கள் இருக்கும்போதுதான் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். சாதாரண ஜோனில் மாட்டிவிட்டால், காலையில் செயலாளர் வந்து பாஸ்வேர்டு போட்டு அலாரத்தை நிறுத்தியதுமே டிடெக்டர் சொல்வதையும் பேனல் காதில் வாங்காது. அன்று மாலை உள்ளே இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது புகை வந்தாலும் சத்தம் வராது. அதனால் பேனலில் "ஃபயர்" ஜோன் என்று தனி வகை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது 24 மணி நேரமும் விழித்திருக்கும், சைரன் சத்தமும் வேறு மாதிரி வரும். அந்த வகையே இல்லாத மலிவு பேனல் என்றால் அதில் தீ வேலையைச் சேர்க்காதீர்கள், பேனலை மாற்றுங்கள்.

நெல்லிக்குப்பம்: அண்ணே, நான் எலக்ட்ரீஷியன். ஒயரிங்கில் எதைக் கவனிக்கணும்?

தம்பி, 12 வோல்ட்டில் ஓடும் நாலு ஒயர் டிடெக்டர் வாங்கு. ரெண்டு ஒயர் கரண்டுக்கு, ரெண்டு ஒயர் ஜோனுக்கு. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகப் போக வேண்டும், நடுவில் கிளை பிரிக்காதே. கடைசி டிடெக்டரில் ரெசிஸ்டர் போட வேண்டும். நிறையப் பேர் சோம்பலில் அதைப் பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கி வைத்துவிடுகிறார்கள்; பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் மேலே சீலிங்கில் எலி ஒயரைக் கடித்துத் துண்டாக்கினாலும் பேனல் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். டிடெக்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று கவனிக்க வரிசைக் கடைசியில் ஒரு சின்ன ரிலே, அதாவது கரண்டால் இயங்கும் சுவிட்ச், வேண்டும், அதையும் விடாதே.

அப்புறம், ஆளைக் கண்டால் அடிக்கும் மோஷன் சென்சார் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். ஸ்மோக் டிடெக்டர் ஒருமுறை அடித்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும், கரண்டை ஒரு தடவை துண்டித்துக் கொடுத்தால்தான் விடும். அதனால் பேனலில் ரீசெட் ஆகும் அவுட்புட்டிலிருந்து கரண்ட் எடு. வேலை முடிந்து கிளம்பும்போது டிடெக்டர் மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்று. சிரிக்காதே, வருஷக்கணக்கில் மூடியோடு தொங்கும் டிடெக்டர்கள் இந்த ஊரில் உண்டு.

முத்தியால்பேட்டை: எங்கள் கூடத்தில் கல்யாணம், ஹோமம் எல்லாம் நடக்கும். கற்பூரம் ஏற்றினாலே கத்துமே?

கத்தும்தான். சாம்பிராணி, ஹோமப் புகை, போகியன்று ஜன்னல் வழியாக வரும் புகை எதையும் டிடெக்டர் பிரித்துப் பார்க்காது. ரெண்டு முறை பொய்யாக அடித்தால் மூன்றாம் முறை யாராவது ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள், அதைவிட மோசம் எதுவும் இல்லை. மணமேடைக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், சமையலறையில் ஸ்மோக் வேண்டவே வேண்டாம், அங்கே சூட்டைப் பார்த்து அடிக்கும் ஹீட் டிடெக்டர் போடுங்கள். கேஸ் கசிவை இந்த இரண்டுமே பிடிக்காது, அதற்குத் தனி டிடெக்டர் உண்டு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம் என்பதால் அதைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

ஸ்டோர் ரூம், மீட்டர் போர்டு இருக்கும் இடம், நாற்காலி அடுக்கும் அறை, இங்கெல்லாம் ஸ்மோக் டிடெக்டர் கட்டாயம்.

வில்லியனூர்: பேட்டரியில் ஓடும் தனி ஸ்மோக் அலாரம் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

வீட்டுக்குப் போதும். ராத்திரி பூட்டிக் கிடக்கும் கூடத்தில் அது யாருக்காகக் கத்தும்?

தேவனாம்பட்டினம்: புயல் வந்தால் இங்கே கரண்ட் பல நாள் இருக்காது. பேட்டரி தாங்குமா?

2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்தபோது பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கணக்கு இதுதான்: 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, எல்லாம் சேர்ந்து 150 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஏட்டுக் கணக்குக்கு 46 மணி நேரம். மூன்று வருஷப் பழைய பேட்டரி அதில் பாதி கொடுத்தாலே பெரிய விஷயம். டிடெக்டர் சேர்த்த பிறகு பழைய பேட்டரியையே வைத்திருக்காதீர்கள். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூத்துவிடும், வருஷத்துக்கு ரெண்டு முறை திறந்து பாருங்கள்.

லாஸ்பேட்டை: திருட்டுப் பயத்தில் பின் கேட்டைப் பூட்டியே வைத்திருக்கிறோம். தீ அலாரம் வந்துவிட்டால் பரவாயில்லைதானே?

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்? 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் பந்தல் தீப்பிடித்து மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்ணெதிரே எரிந்த தீ அது, சைரன் அடித்துச் சொல்ல வேண்டிய நிலையே இல்லை. நிகழ்ச்சி நடக்கும் நேரம் முழுக்கப் பின் கேட் திறந்திருக்க வேண்டும், அங்கே ஒரு ஆளை உட்கார வையுங்கள். மேக்னட் லாக் போட்ட கதவு என்றால் தீ அலாரம் அடித்ததும் தானே விடும்படி ரிலே கொடுங்கள். வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடியை அழுத்தினால் அடிக்கும் சிவப்புப் பெட்டியும் வேண்டும், மனுஷன் மூக்கு பல நேரம் டிடெக்டரை முந்திவிடும்.

திருப்பாதிரிப்புலியூர்: இதைக் காட்டித் தீயணைப்புத் துறையில் தடையில்லாச் சான்று வாங்கலாமா?

திருட்டு பேனலில் நாலு டிடெக்டர் சேர்த்ததைக் காட்டி வாங்கலாம் என்று நம்பாதீர்கள். தீ கண்டறியும் அமைப்புக்கு ஐ.எஸ். 2189 என்று தனித் தர விதி இருக்கிறது, கல்யாண மண்டபம் போல மக்கள் கூடும் கட்டிடம் தேசியக் கட்டிட விதியில் தனிப் பிரிவில் வருகிறது. பத்துப் பேர் கூடும் சங்க அலுவலகத்துக்கு நான் மேலே சொன்னது நல்ல ஏற்பாடு. நூற்றுக்கணக்கில் கூடும் இடம் என்றால் தனி ஃபயர் பேனல் வாங்குங்கள், அதிலிருந்து ஒரு சிக்னலை மட்டும் திருட்டு பேனலுக்குக் கொடுத்துப் போனில் தகவல் வர வையுங்கள். போனில் தகவல் அனுப்ப பேனலில் போடும் சிம்முக்கு ரீசார்ஜ் போடுவது யார் பொறுப்பு என்று சங்க மினிட்ஸிலேயே எழுதிவிடுங்கள், அதுதான் முதலில் நிற்கும்.