ஒடியல் மாவில் நஞ்சு இருக்கிறதாமே, கூழ் குடிக்கலாமா?

கேள்வி இதுதான்: "ஒடியல் மா ஈரலையும் நரம்பையும் பாதிக்கும் என்று ஆராய்ச்சிகள் இருக்கின்றன. அப்படியிருக்க யாழ்ப்பாணத்தவர்கள் எப்படித் துணிந்து ஒடியற் கூழ் குடிக்கிறீர்கள்?"

ஆராய்ச்சிகள் இருப்பது உண்மை. கூழ் குடிக்கலாம் என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் உணவு விஞ்ஞானம் படித்தவன், வீடு யாழ்ப்பாணம். ஆகவே இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம்.

ஒடியலைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் களியை எடுத்தபின் விதையை மாரிக்கு முன் பாத்தியில் அடுக்கிவிடுவார்கள். தை, மாசியில் கிண்டினால் பனங்கிழங்கு. அதை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்தோ அரைத்தோ எடுப்பதுதான் ஒடியல் மா. பிட்டு, மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் கூழ் இரண்டும் இதில்தான். புழுக்கொடியலைச் சும்மா கடித்துச் சாப்பிடலாம், தேங்காய்ச் சொட்டோடு இன்னும் நன்றாக இருக்கும். ஒடியலை அப்படிச் சாப்பிட முடியாது, காறும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். 1971-இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்செக்குலரத்ன குழுவினர் பனங்கிழங்கு மாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அது நச்சு விளைவைத் தருகிறது என்று பிரித்தானிய மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். 1976-இல் அதே துறை சார்ந்தவர்கள், நீண்ட காலம் இந்த மாவை உண்ட எலிகளின் ஈரலுக்குள் சிறு நாளங்கள் அடைபட்டிருந்ததைக் காட்டினார்கள். 1980-இல் எலிகளின் நரம்பு மண்டலம் பாதிக்கப்படுவதைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. 1985-இல் இரண்டு கட்டுரைகள். ஒன்று, இந்த மா பாக்டீரியாக்களில் மரபணு மாற்றத்தைத் தூண்டுகிறது என்றது. மற்றது, சுண்டெலிகளின் நோயெதிர்ப்பு குறைகிறது என்றது. பிறகு 2004-இல் சிறி ஜெயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் ஜான்ஸ் குழு நரம்பு விடயத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. மாவைச் சூடாக்கினால் நரம்பைப் பாதிக்கும் தன்மை போய்விடுகிறது என்பது அவர்கள் கண்டது.

இதையெல்லாம் கேட்டதும் நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு: "என்ர அப்பு தொண்ணூறு வயசுமட்டும் கூழ் குடிச்சவர், அவருக்கு ஒன்றும் நடக்கேல்லை." இந்த வாதம் எனக்குப் பிடிக்காது. தொண்ணூறு வயதுவரை சுருட்டுப் பிடித்த அப்புமாரும் எங்கள் ஊரில் இருந்தார்கள். ஈரல் மிகவும் பொறுமையான உறுப்பு. பெரும்பகுதி பழுதாகும்வரை வெளியில் காட்டாது. ஒரு கிழவர் நலமாக வாழ்ந்தார் என்பதால் ஒரு மாவுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

ஆனால் மறுபக்கம், "நஞ்சு" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அந்தக் கட்டுரைகளின் தலைப்பைக்கூட முழுதாக வாசிப்பதில்லை. 1976 கட்டுரையின் தலைப்பிலேயே நீண்ட காலம் ஊட்டியது என்று இருக்கிறது. அந்த எலிகளுக்கு அந்த மாவைத் தொடர்ந்து ஊட்டினார்கள். நாங்கள் கூழில் எவ்வளவு மா போடுகிறோம்? தடிப்பு வருவதற்குத்தான் போடுகிறோம். ஒருவர் பங்குக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி வந்தால் அதிகம். அதுவும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருந்து மச்சாள் குடும்பம் வந்து நிற்கும்போது. எலிக்குக் கொடுத்த விதத்துக்கும் இதற்கும் நடுவில் வெகு தூரம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஈரலின் சிறு நாளங்கள் அடைபடும் இதே வகைப் பாதிப்பு மனிதரில் எப்படி வந்தது என்பதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1970-களில் இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில் சாமைத் தானியத்தோடு கிலுகிலுப்பை இனச் செடியின் விதைகள் கலந்துவிட்டன. அவற்றில் ஈரலைப் பாதிக்கும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் என்ற நஞ்சுகள் இருக்கும். சாப்பிட்ட ஏழைக் குடும்பங்களில் ஆட்களுக்கு வயிறு நீர்கோத்து வீங்கியது, பலர் இறந்தார்கள். அங்கே தானியம் அன்றாட உணவு, நஞ்சு ஒவ்வொரு நாளும் உள்ளே போனது, ஊரே கண்டுகொண்டது. ஆகவே ஒடியலில் நான் கவனிக்கச் சொல்வது அளவையும் இடைவெளியையும்தான். கூழைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒடியற் பிட்டை மூன்று வேளைச் சாப்பாடாக மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன், ஏனென்றால் பிட்டு முழுக்க முழுக்க மாதான். போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் கோதுமை மா கிடைக்காமல் ஒடியலை நம்பியிருந்த வீடுகள் உண்டு. அது வேறு வழியில்லாத காலம். இன்று யாருக்கும் அந்தத் தேவை இல்லை.

அடுத்தது சமைக்கும் முறை. எங்கள் அம்மம்மா ஒடியல் மாவைப் பெரிய சட்டியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து வைப்பா. மா அடியில் படிந்ததும் மேலே நிற்கும் மஞ்சள் நிறத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பவும் தண்ணீர் விடுவா. காறல் போகவேண்டும் என்பதுதான் அவ சொன்ன காரணம். நீரில் கரையக்கூடியவை அந்தத் தண்ணீரோடு போகின்றன, மிச்சம் கூழாகக் கொதிக்கிறது, அல்லது பிட்டாக ஆவியில் அவிகிறது. 2004 ஆய்வு சூட்டைப் பற்றிச் சொன்னதோடு இதை வைத்துப் பாருங்கள். ஊறவிட்டு ஊற்றுவது, கொதிக்கவைப்பது என்ற இரண்டு படியையும் யாரும் குறுக்கக்கூடாது.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இப்போது குறுக்குவழிகள் வரத் தொடங்கிவிட்டன. ஒடியல் மாவை நார்ச்சத்து என்று சொல்லிப் பச்சையாகப் பாலில் அடித்துக் குடிப்பது, "சத்துமா" என்று பச்சை மாவைப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுப்பது. தயவுசெய்து வேண்டாம். பச்சையாக ஏதாவது வேண்டுமென்றால் புழுக்கொடியல் மா வாங்குங்கள். அது காயவைக்கும் முன்னரே அவித்தது, சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழைத்துச் சாப்பிடலாம். பொதியில் எந்த மா என்று எழுதியிருக்கும். எழுதாத பொதியை விட்டுவிடுங்கள்.

பூஞ்சணமும் ஒரு பிரச்சினை. மாசி, பங்குனி வெயில் ஒழுங்காக எறித்தால் ஒடியல் முறிக்கும்போது சடக்கென்று உடையும். மழை குறுக்கிட்டு அரைகுறையாகக் காய்ந்தால் வளையும், சில வாரத்தில் பச்சை அல்லது கறுப்புப் புள்ளி வரும். நிலக்கடலை, கொப்பரா எல்லாவற்றிலும் அஃபிளாடொக்சின் என்ற நஞ்சு வருவது இப்படித்தான். சில அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணங்கள் ஈரப்பதமான மாச்சத்தில் வளர்ந்து அதை உண்டாக்கும். சாதாரணக் குசினிச் சூடு அதை அழிக்காது. அரைத்த மாவில் பழைய ஒடியலைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதால் நான் மா வாங்குவதில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒடியலாகவே வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, மில்லில் கொடுத்து அரைப்பேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது முடியாது. நம்பிக்கையான இடத்து மாவை வாங்கிக் காற்றுப் புகாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இனி எனக்கு உண்மையில் பயம் தருவதைச் சொல்கிறேன். கூழ் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எவரும் மாவால் போவதில்லை என்றே நினைக்கிறேன். மீனால்தான் போவார்.

கூழுக்குள் என்னென்ன போகிறது என்று பாருங்கள்: நண்டு, இறால், கணவாய், மீன்தலை, சின்ன மீன், அதோடு பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, புளி, செத்தல் மிளகாய். இவ்வளவு உறைப்பிலும் புளிப்பிலும் மீன் பழுதாகியிருந்தால் நாக்குக்குத் தெரியவே தெரியாது. சூரை, சூடை, கும்பளா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. பிடித்த மீனை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. உறையவைத்தாலும் போகாது. கருவாடாக்கினாலும் அப்படியே இருக்கும். சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும். பலர் இதை "எனக்கு மீன் ஒவ்வாமை" என்று எழுதிவைத்துக்கொள்கிறார்கள். அனைத்துலக உணவு நியமமான கோடெக்ஸ் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. நுகர்வோர் கையில் அளக்கும் கருவி இல்லை, ஐஸ்தான் இருக்கிறது.

அதனால் பாசையூரிலோ காக்கைதீவிலோ மீன் வாங்கப் போனால் கண்ணையும் செவுளையும் மட்டும் பார்க்காதீர்கள். மீன் எதன்மேல் கிடக்கிறது என்றும் பாருங்கள். விடியக் கரைக்கு வந்த மீன் பத்து மணிக்கு வெறும் சாக்கில் கிடந்தால், செவுள் சிவப்பாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். மீனுக்குச் சமனான எடைக்கு ஐஸ் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வீட்டிலிருந்து ஒரு பெட்டியில் ஐஸ் கொண்டுபோவது எங்கள் ஆட்களுக்குக் கேலியாகத் தெரிகிறது. மீன்காரம்மா ஒருமுறை, "தம்பி என்ன, ஊசி மருந்தே கொண்டுபோறீர்?" என்று கேட்டா. கேட்டுவிட்டுப் போகட்டும்.

கலவையாகக் கூறுபோட்டு விற்கும் சின்ன மீனில் பேத்தை மீன் இருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். அதிலுள்ள டெட்ரோடொக்சின் கொதியில் அழியாது, மாற்று மருந்தும் கிடையாது. உதடு விறைப்பதில் தொடங்கி மூச்சு நிற்கும்வரை போகும். துப்பரவாக்கத் தெரியும் என்று சொல்கிற அனுபவசாலிகளிடமும் வாங்காதீர்கள்.

அப்புறம் அந்தப் பெரிய பானை. இருபது பேருக்குக் கூழ் காய்ச்சினால் எப்படியும் மிஞ்சும். தடிப்பான கூழ் பானைக்குள் சூடு ஆற மணிக்கணக்காகும். 60 பாகைக்கும் 5 பாகைக்கும் நடுவில் அது கிடக்கிற நேரம்தான் பாக்டீரியாக்களின் நேரம். பசிலஸ் சீரியஸ் போன்றவற்றின் வித்துகள் கொதியையும் தாங்கி நிற்கும். அதில் சில வகைகள் உண்டாக்கும் வாந்தி நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. "அடுத்தநாள் கூழ்தான் ருசி" என்பதில் எனக்கு மறுப்பில்லை. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்னத் தட்டையான பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் அந்த ருசி அடுத்தநாளும் இருக்கும். இரவு முழுக்க அடுப்பில் மூடிவைத்த கூழ் என்றால் கொட்டிவிடுங்கள்.

நண்டு, இறால், கணவாய் ஒவ்வாமை உள்ளவர்கள் மீனை மட்டும் எடுத்துச் சாப்பிடலாம் என்று நினைப்பதுண்டு. கூழில் அது நடக்காது. புரதம் எல்லாம் சாற்றுக்குள் இறங்கிவிடும். அவர்களுக்குத் தனிச் சட்டியில், தனி அகப்பையோடு மரக்கறிக் கூழ் காய்ச்சுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கேட்பார்கள் என்று தெரியும். ஒடியலில் நார் உண்டு, ஆனால் பெரும்பகுதி மாச்சத்துத்தான். போதாததற்கு மரவள்ளியும் பலாக்கொட்டையும் உள்ளே கிடக்கின்றன. ஒரு பிளா (பனையோலையில் மடித்த கோப்பை) குடியுங்கள், அதற்குமேல் சோறு சாப்பிடாதீர்கள்.

ஈரல் அழற்சி, ஈரல் சுருக்கம் என்று சிகிச்சை எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இவர்களுக்கு மட்டும் ஒடியலைத் தவிர்க்கச் சொல்வேன். கூழ் இல்லாமல் அவர்களை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. அரிசி மாவை வறுத்துக் கரைத்துத் தடிப்பாக்கினால் அதே மீன், அதே புளி, அதே உறைப்போடு கூழ் வரும். எங்கள் வீட்டில் மாமிக்கு அப்படித்தான் காய்ச்சுகிறோம். காறல் இல்லையென்று அவ ஒவ்வொருமுறையும் குறை சொல்லுவா, ஆனால் இரண்டாவது பிளாவும் கேட்பா.